போலோவுக்கு கார்பன் பானெட்: மூன்று விலையும் நான் வாங்கியதும்

போலோ காருக்கு கார்பன் ஃபைபர் பானெட் (எஞ்சின் மேல் மூடி) போடலாம் என்று விலை விசாரிக்க இறங்கினால் முதலில் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு கடையில் சொன்ன விலையைப் போல நாலைந்து மடங்கு இன்னொரு கடையில் சொல்வார்கள். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: அதே கறுப்பு, அதே சாய்வு நெசவு, அதே பளபளப்பு. "துணி எல்லாம் ஒண்ணுதான் சார், அவங்க பேருக்குக் காசு வாங்குறாங்க" என்று மலிவாக விற்பவர் அடித்துச் சொல்வார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. கண்ணுக்குத் தெரியும் மேல் துணி பெரும்பாலும் 3கே ட்வில். ஒவ்வொரு இழையிலும் 3,000 நுண்ணிழைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 மைக்ரான் தடிமன். உலகத்தில் இதைத் தயாரிப்பவை ஜப்பானின் டோரே மாதிரியான சில பெரிய ஆலைகள்தான். ஆகவே மலிவு பானெட்டின் மேல் துணியும் விலையுயர்ந்ததன் மேல் துணியும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருக்கலாம். ஆனால் துணியைப் பிடித்து வைத்திருப்பது ரெசின், அதாவது ஊற்றியதும் இறுகும் பிசின். காசு போவது அந்த ரெசினுக்கு, அதை எப்படி இறுக வைத்தார்கள் என்பதற்கு, மோல்டுக்கு (அச்சு), மேலே அடிக்கும் க்ளியர் கோட்டுக்கு (நிறமில்லாத பூச்சு).

பிளாஸ்டிக்கில் நெசவுப் படம் அச்சடித்தது, ஸ்டிக்கர் ஒட்டியது ஆகியவற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மிச்சம் மூன்று வகை.

முதலாவது ஓவர்லே. அடியில் சாதாரண கண்ணாடி இழை, அதாவது எஃப்ஆர்பி; மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன். கையால் ரெசின் தடவிச் செய்வது, பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். ரெசின் அதிகமாகவும் இழை குறைவாகவும் இருப்பதால் கனமும் கூடிவிடும். சிலவற்றைத் தூக்கிப் பார்த்தால் இரும்பு பானெட்டோடு பெரிய வித்தியாசமே தெரியாது. இப்படித்தான் செய்திருக்கிறோம் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. சொல்லாமல் விற்றால் பானெட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்து மூடியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

கடைசி வகை ப்ரீப்ரெக் துணியை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தம் கொடுக்கும் அடுப்பில், செய்வது. நம்ம ஊர் கடைகளில் 'டிரை கார்பன்' என்பார்கள். ப்ரீப்ரெக் என்பது ரெசினை முன்கூட்டியே அளவாக ஊட்டிய துணி. மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். சில அடுக்குக்கு ஒருமுறை வாக்யூம் போட்டு அழுத்தி, கடைசியில் 120 டிகிரிக்கு மேல், ஆறு பார் அளவு அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டைத் தாங்கும் மோல்டுக்கே தனிச் செலவு. ஒரு மாடலுக்கு விற்கப்போவது கொஞ்சம் பானெட்தான் என்றால் அந்தச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் விழும். 1981இல் மெக்லாரன் எம்பி4/1 கார்பன் மோனோகாக்கோடு (ஓட்டுநர் உட்காரும் ஒரே கூடான உடல்) ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்தபோது, எடை குறைய வேண்டும், ஓட்டுநரும் பிழைக்க வேண்டும் என்ற தேவை இருந்தது. தினம் அலுவலகம் போய்வரும் போலோ பானெட்டுக்கு அந்தத் தேவை இல்லை.

நான் வாங்கியது நடுவில் இருக்கும் வாக்யூம் இன்ஃப்யூஷன், எபாக்சி ரெசினில். மோல்டில் உலர்ந்த துணியை அடுக்கி, மேலே பை போட்டு மூடி, பம்பால் காற்றை உறிஞ்சுவார்கள். அந்த வெற்றிடமே ஒரு பக்கத்திலிருந்து ரெசினை இழுத்துத் துணிக்குள் பரப்பும். கையால் தடவியதில் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்கு இழை இருந்தால், இதில் பாதி வரை வரும். ஆட்டோகிளேவில் அறுபது சதவீதம் வரை. விலையோ ஆட்டோகிளேவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது எடை இல்லை, வெயில். எங்கள் அடுக்ககத்தில் கார் நிற்பது திறந்த வெளியில். சித்திரை வெயிலில் கறுப்புப் பரப்பின் சூடு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அடியில் இருந்து டர்போவின் சூடு வேறு. எபாக்சிக்கு ஒரு எல்லைச் சூடு உண்டு, அதைத் தாண்டினால் மெல்ல இளகும். பட்டறையில் சாதாரண அறைச் சூட்டிலேயே இறுக விட்ட எபாக்சிக்கு அந்த எல்லை பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதாவது சென்னை வெயிலே அதற்குப் போதும். புதிதாக வாங்கும்போது கண்ணாடிபோல் இருந்த பரப்பில் ஒரு கோடை போனதும் நெசவின் மேடு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அடிச்சட்டத்தை ஒட்டிய கோடு மேலே தெரிய ஆரம்பிக்கும், ஓரங்கள் லேசாகத் தொய்யும். பாலிஷ் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கு வழி போஸ்ட் க்யூர். இறுகிய பாகத்தை அடுப்பில் வைத்துப் படிப்படியாக 80 டிகிரி வாக்கில் சூடேற்றிப் பல மணி நேரம் வைத்தால், அந்த எல்லை ரெசினைப் பொறுத்து வெயிலைத் தாண்டி உயரும். ஒரே துணி, ஒரே ரெசின் என்றாலும் இந்த ஒரு வேலையைச் செய்த பட்டறைக்கும் செய்யாத பட்டறைக்கும் தரத்தில் நிறைய வித்தியாசம் வரும். விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "போஸ்ட் க்யூர் பண்ணீங்களா, எத்தனை டிகிரியில, எவ்வளவு நேரம்?" வேலை தெரிந்தவர் உடனே எண்ணைச் சொல்வார். தெரியாதவர் பேச்சை நெசவின் அழகுக்குத் திருப்புவார்.

அடுத்தது க்ளியர் கோட். எபாக்சி புறஊதாக் கதிரில் மஞ்சளடிக்கும், எந்த முறையில் செய்திருந்தாலும் சரி. ஆட்டோகிளேவில் வந்ததற்கும் விலக்கில்லை. அதைக் காப்பது மேலே அடிக்கும் 2கே (இரண்டு பொருளைக் கலந்து அடிப்பது) பாலியூரித்தேன் க்ளியர்தான், அது வெயிலில் தேயும் பொருள். சில வருடத்துக்கு ஒருமுறை தேய்த்து மறுபடி அடித்தாக வேண்டும். இங்கேதான் இன்ஃப்யூஷன் எனக்குக் கைகொடுத்தது. நெசவுக்கு மேலே தெளிவான ரெசின் கொஞ்சம் தடிமனாகவே இருப்பதால் பக்கத்துப் பட்டறை பெயிண்டரே தேய்க்கலாம். அவர் சொன்னது: "வெள்ளைத் தூள் வர்ற வரைக்கும் தேய்க்கலாம் தம்பி. கறுப்பு வந்துச்சுன்னா துணியைத் தொட்டாச்சு, கையை எடுத்துடணும்." டிரை கார்பனில் மேலே ரெசின் மெல்லியது, ஊசித்துளைகளும் இருக்கும், அதைத் தேய்க்க இன்னும் பழகிய கை வேண்டும். மலிவு ஓவர்லேயில் மேலே இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ஜெல்கோட் (மோல்டிலேயே முதலில் பூசும் ரெசின் மேல்பூச்சு), அது மஞ்சளடித்து முடி போன்ற வெடிப்பு விடும். அந்த வெடிப்பின் மேல் க்ளியர் அடித்தால் அது மறுபடி மேலே எட்டிப் பார்க்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகிளேவ் பானெட்டை நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. நண்பர் ஒருவரின் காரில் பார்த்ததும் தொட்டதும்தான். ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

பொருத்தம் மோல்டைப் பொறுத்தது. அசல் பானெட்டிலிருந்து எடுத்த மோல்டா, இன்னொருவர் செய்த கார்பன் பானெட்டைப் பார்த்துப் படியெடுத்ததா? பாலியெஸ்டர் இறுகும்போது எபாக்சியைவிட அதிகம் சுருங்கும், படியெடுக்க எடுக்க அளவு நகரும். ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு பக்கம் விரல் போகும் இடைவெளி, மறுபக்கம் உரசல் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பூட்டும் கீலும் மாட்டும் இடங்களைக் குனிந்து பாருங்கள். கார்பனில் மின்சாரம் பாயும். ஈரக்காற்றில் அலுமினியம் நேரடியாக அதைத் தொட்டால் அலுமினியம் அரிக்கும், வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இது சீக்கிரமே தெரியும். நல்ல பட்டறை நடுவே ஒரு அடுக்கு கண்ணாடி இழை வைத்துப் பிரித்திருக்கும், உலோகப் பட்டையையும் உள்ளேயே பதித்திருக்கும். வெறும் ரெசினில் திருகு முடுக்கியிருந்தால் அந்த பானெட்டை வாங்காதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பூட்டு பிய்ந்தால் பானெட் முன்பக்கக் கண்ணாடியில்தான் வந்து அடிக்கும்.

மிரர் கவர், சின்ன ஸ்பாய்லர் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. எஞ்சின் சூடும் இல்லை, பூட்டும் இல்லை. எபாக்சியில் செய்த ஓவர்லேயே போதும், மிச்சக் காசை நல்ல க்ளியருக்குக் கொடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய இரும்பு பானெட்டைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். காரை விற்கும்போது வாங்குபவர் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார், கார்பன் பானெட்டைத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.