பெட்டி_ஓப்பன்: பெயர் வைத்து ஆறு வருடம்

நண்பன் ஒருவன் சி மொழியில் லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) எழுதப் போகிறானாம். "ஃபங்ஷனுக்கெல்லாம் எப்படிடா பேர் வெச்ச? இப்ப மாத்தணும்னு தோணுதா?" என்று கேட்டான். போனில் ஆரம்பித்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது சின்ன லைப்ரரி. சென்சார் பெட்டிகளிலிருந்து டேட்டாவை வாங்கி, வரிசையில் (கியூ) போட்டு அனுப்பும். முதல் வருடம் ஃபங்ஷன் பெயர்களுக்கு முன்னொட்டே கிடையாது. லாக் எழுதும் ஃபங்ஷனுக்கு வெறும் 'லாக்_ரைட்' என்று பெயர். வாடிக்கையாளர் ஒருவர் இதை இன்னொரு ஸ்டாட்டிக் லைப்ரரியோடு சேர்த்து லிங்க் செய்தார். அதிலும் ஒரு லாக்_ரைட். இந்தத் துண்டுகளை ஒட்டி ஒரே புரோகிராமாக்கும் லிங்கர் எரர் காட்டியிருந்தால் கும்பிட்டிருப்பேன். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கம்மென்று இருந்துவிட்டது. சி++ என்றால் ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளின் (ஆர்க்யுமென்ட்) வகைகளையும் பெயரோடு பின்னி வைக்கும். சி-யில் லிங்கருக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு போனது.

பிறகு 'பெட்டி' என்பதையே முன்னொட்டாக்கினேன். மோதுவதற்கு இன்னொரு பெட்டி இதுவரை வரவில்லை. அதற்கடுத்து பொருள், கடைசியில் வினை: பெட்டி_கியூ_புஷ். "புஷ்_கியூ என்பதுதானே இயல்பு?" என்று டீமில் ஒருவர் சண்டைக்கு வந்தார். எனக்கென்னவோ இதுதான் இயல்பு. வரிசையில் தள்ளு, கதவைச் சாத்து என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிறவர்கள்தானே நாம்? எடிட்டரில் 'பெட்டி_கியூ' வரை அடித்தால் போதும், அதன் ஃபங்ஷன்கள் அத்தனையும் வரிசை கட்டி நிற்கும். ஆறு வருடமாக அலுக்காத சுகம் இது.

ஆனால் பெயருக்குப் பின்னால் முளைத்த அந்த _வி2 (இரண்டாம் பதிப்பு) வால்! பெட்டியோடு இணைப்பைத் திறக்கும் ஓப்பனுக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்ல டைம்அவுட் என்று ஒரு ஆர்க்யுமென்ட் தேவைப்பட்டது. பழைய பெயரிலேயே சேர்த்தால் ஏற்கெனவே கம்பைல் ஆகி ஓடும் புரோகிராம்கள் குப்பை மதிப்பை அனுப்பும். ஆகவே பெட்டி_ஓப்பன்_வி2. அப்புறம் வி3. எஸ்கியூலைட் என்ற பிரபல டேட்டாபேஸ் லைப்ரரியிலேயே 2007-இல் பிரிப்பேர்_வி2, 2017-இல் பிரிப்பேர்_வி3 வந்ததே என்று தேற்றிக்கொண்டேன். அங்கே முன்னொட்டிலேயே ஒரு 3 உண்டு. அதனால் அந்த லைப்ரரியின் பழைய இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் பெயர் மோதாமல் ஒரே புரோகிராமில் குடியிருக்கலாம். முதல் நாளே ஓப்பனுக்கு ஆப்ஷன்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிய ஒரு ஸ்ட்ரக்ட்டும் அதன் அளவும் வாங்கியிருந்தால் எனக்கு இந்த வாலே முளைத்திருக்காது. அந்தப் புத்தி அப்போது இல்லை.

இதில் கொடுமை, நான் மெச்சிக்கொள்ளும் அதே எடிட்டர் பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் நிற்பது டைம்அவுட் இல்லாத பழைய ஓப்பன். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுக்கிறார். பழசு என்று கம்பைலர் எச்சரிக்கை போட்டும் பார்த்தேன். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

நண்பனுக்குச் சொல்வது: முன்னொட்டு, பொருள், வினை என்ற வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு வை. அந்த _வி2 வாலையும் சேர்த்து மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். இன்று காலையில்தான் "ஓப்பன் பண்ணினால் தொங்கிவிடுகிறது" என்று பதினேழாவது மெயில் வந்தது.