உரிமைத்தொகையா, குழுக் கடனா?

இரண்டுக்கும் நம்ம தர்மபுரியில் வேர் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு முதலில் முளைத்தது 1989-ல், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தர்மபுரி மாவட்டத்தில். மகளிர் உரிமைத்தொகைக்கான பதிவு முகாமை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது 2023 ஜூலையில், தொப்பூரில்.

உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். திருப்பிக் கட்ட வேண்டாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். கேஸ் சிலிண்டருக்கே பெரும்பகுதி போய்விடும் என்பது வேறு விஷயம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட் என்று வரம்பு வைத்துத்தான் திட்டமே தொடங்கியது.

குழுக் கடன் அப்படியில்லை. 12 முதல் 20 பேர் சேர்ந்து, மாதாமாதம் சேமித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான் வங்கி வாசல். கிடைத்தால் கறவை மாடே வாங்கலாம். ஆனால் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழும். அடுத்த கூட்டத்தில் அவள் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஓசூரில் அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பத்தை எந்தக் குழுவும் லேசில் சேர்க்காது.

வருமானம் தரும் தொழில் இருந்தால் குழுக் கடனே மேல் என்பேன். கல்யாணச் செலவுக்கென்றால் வேண்டவே வேண்டாம். இரண்டையும் சேர்த்து வாங்கத் தடையில்லை. உரிமைத்தொகையைத் தவணையில் கழிக்கிறவர்களும் உண்டு.