தாடை வலிக்குப் பல்லைத் தேய்த்துக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம், காலையில் கன்னமெல்லாம் இறுக்கம். இப்படி மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பட்டது என் அக்கா.

போனது ஒரு தனியார் பல் கிளினிக். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "உங்க பைட் சரியில்ல மேடம்" என்றார்கள். பைட் என்றால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டும் 'பைட் கரெக்‌ஷனும்' சேர்ந்த பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. தூக்கம் வருகிறதா, பகலிலும் பல்லைக் கடிக்கிறீர்களா, வீட்டில் ஏதும் கவலையா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமாவுக்கு வேலை போயிருந்த நேரம் அது. கேட்டிருந்தால் கொட்டியிருப்பாள்.

நைட் கார்டு ஒரு பக்கம் ஈறில் அழுத்தியது. சரிசெய்யச் சொன்னால் "பழகிடும்" என்றார்கள். அதை மாட்டிக்கொண்டு யாரால் தூங்க முடியும்? கழற்றி வைத்தாள். அடுத்த முறை போனதும் "ஒழுங்கா போடல, அதான் குறையல" என்று பழி அவள் தலையில். பிறகு பைட்டைச் சரிசெய்வதாகச் சொல்லி கடைவாய்ப் பற்களைத் தேய்த்துக் குறைத்தார்கள். வலி அப்படியே இருக்க, புதிதாகப் பல் கூச்சமும் சேர்ந்தது. கடைசியில் டாக்டர் சொன்னது: "எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு." பணம் வாங்கும்போது பல்லில் இருந்த நோய், திருப்பிக் கேட்டதும் மனசுக்குக் குடிபோய்விட்டது!

மனதுக்கும் இந்த வலிக்கும் தொடர்பு உண்டு, உண்மைதான். அதற்காக வலி பொய்யாகிவிடாது. பதற்றமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும், சிகிச்சையை விடாமல் தொடரும் தெம்பையும் குறைக்கும். அதனால்தான் தாடை வலிக்கென 2014இல் வந்த சர்வதேச நோயறி முறையில் மனநிலையை விசாரிக்கவே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள் அவை. நாள்பட்ட தாடை வலிக்கு பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சியையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. பல்லைத் தேய்ப்பது போன்ற, திரும்பப் பெற முடியாத வேலைகள் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் பல் ஆய்வு நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஓரல் மெடிசின் (வாய் நோய் மருத்துவம்) பிரிவில் காட்டினோம். முதலில் உட்காரவைத்துப் பேசினார்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், அந்த நைட் கார்டையும் தேய்த்துச் சரிசெய்தார்கள். இப்போது வலி பாதியாவது குறைந்திருக்கிறது. பல் கூச்சம் போகவில்லை, பணமும் வரவில்லை.

இதே நிலையில் இருந்தால் பில், எக்ஸ்ரே, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம்தான் கெடு.