சின்னச் சங்கத்துக்கு நிர்வாகிகள்: அறிவிப்பா, அழைப்பா, முறைவைப்பா?

20, 30 வீடுகளே உள்ள குடியிருப்பில் சங்கப் பொறுப்புக்கு ஆள் வராமல் போவது பெரிய சிக்கல். 3 பேர் குழுவில் 2 பேர் விலகினால், முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை (கோரம்) இல்லை. கூரை ஒழுகினாலும் செலவுக்குக் கையெழுத்துப் போட ஆளிருக்காது.

பெரும்பாலான சங்கங்கள் முதலில் செய்வது பொது அறிவிப்பு. வாட்ஸ்அப் குழுவில் 'விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்' என்று போடுவார்கள். செலவில்லை, யாரையும் ஒதுக்கினார்கள் என்ற பேச்சும் எழாது. ஆனால் பெயர் வராது. 1968இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவருக்கு வலிப்பு வருவது இன்டர்காமில் கேட்கும். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85% பேர் வலிப்பு அடங்குமுன் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் 4 பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31% பேர்தான் எழுந்தார்கள். ஆபத்திலேயே இப்படியென்றால், பொருளாளர் பதவிக்கு யார் முந்துவார்?

அதனால்தான் கதவைத் தட்டிக் கேட்பதை நான் மேலாக நினைக்கிறேன். 'நீங்க கமிட்டிக்கு வரணும்' என்று மொட்டையாகக் கேட்டால் போதாது. 'வசூல் கணக்கை ஒரு வருஷம் மட்டும் நீங்க பார்த்துக்கணும். பழைய பொருளாளர் முதல் 2 மாசம் கூடவே இருப்பார்' என்று கேளுங்கள். எல்லை தெரியாத வேலை என்றால்தான் மனிதர்கள் பின்வாங்குகிறார்கள். இதிலும் குறை உண்டு. கேட்பவர் தனக்குப் பழகிய நாலு வீட்டையே சுற்றுவார். புதிதாகக் குடிவந்தவரும் அதிகம் பேசாதவரும் விடுபடுவார்கள். எல்லா வீட்டு எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போவது நல்லது.

பதவியே வேண்டாம் என்பவரிடம் தோட்டத்தையோ தண்ணீர் மோட்டாரையோ 3 மாதம் ஒப்படைத்துப் பார்க்கலாம். அப்படி வந்தவர்கள் பிறகு குழுவுக்கும் வருவார்கள். ஆனால் இது மெதுவாகப் பலன் தரும் வழி, அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு உதவாது.

முறைவைப்பு அல்லது சீட்டுக் குலுக்கல் நமக்குப் புதிதல்ல. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறை விரிவாகவே இருக்கிறது. வாரியம் என்ற ஊர்க் குழுவில் பொறுப்பு 360 நாள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்தில் விழக்கூடாது. அதாவது, குலுக்கலுக்கு முன்பே சல்லடை இருந்தது. இன்று 'எல்லா வீடும் ஒரு முறை' என்று சொல்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 6, 8 வீடுகளில் முறைவைப்பு நன்றாக ஓடும். அதற்கு மேல் போனால், மனமில்லாமல் வந்த பொருளாளரால் வசூலே நின்றுபோகலாம். சங்க விதிகள் தேர்தல்தான் வேண்டும் என்று சொன்னால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மேலாண்மை நிறுவனத்தை அமர்த்தினால் ரசீது, புகார், பழுது எல்லாம் அவர்கள் தலையில் போகும். முடிவெடுக்கவும் அவர்களைக் கண்காணிக்கவும் குழு இருந்தே ஆகவேண்டும். கட்டணத்தைப் பங்கிட வீடுகளும் குறைவு. கணக்கு வேலையை மட்டும் வெளியே கொடுப்பது தாங்கக்கூடிய நடுவழி. பொருளாளரைச் சம்மதிக்க வைப்பதும் எளிதாகும்.

என் தேர்வு நேரில் கேட்பது, கூடவே சின்ன வேலைகள். பதவிக்காலம் 2 வருடம் என்றால், 3 பேரும் ஒரே நாளில் இறங்காதபடி ஒரு வருடம் 2 இடத்துக்கும், மறு வருடம் 1 இடத்துக்கும் ஆள் தேடுங்கள். பொதுக்குழுவுக்கு 3 மாதம் முன்பே கதவைத் தட்டத் தொடங்கினால், யோசித்துச் சொல்ல அவர்களுக்கும் அவகாசம் இருக்கும்.