ரெசல்யூஷன் பெயரை விடுங்கள், பெருக்கிப் பாருங்கள்: மூன்று மானிட்டர் அனுபவம்

24 அங்குல ஃபுல் எச்.டி., 27 அங்குல கியூ.எச்.டி., அதே 27 அங்குலத்தில் 4கே என மூன்று மானிட்டரிலும் வருடக்கணக்கில் வேலையும் பார்த்திருக்கிறேன், கேமும் விளையாடியிருக்கிறேன். எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, திரையின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள்) என்று பெருக்கிப் பாருங்கள் என்பதுதான். ஃபுல் எச்.டி.க்கு 1080, கியூ.எச்.டி.க்கு 1440 என்று உயரத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடின மாதிரி இருக்கும். பெருக்கினால் 1920×1080க்கு 20,73,600 பிக்சல், 2560×1440க்கு 36,86,400 வரும், கிட்டத்தட்ட 78 சதவீதம் அதிகம். 4கே, அதாவது 3840×2160, 82,94,400. ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நாலு மடங்கு, கியூ.எச்.டி.யைப் போல் இரண்டேகால் மடங்கு.

கேமில் இது உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், அத்தனை பிக்சலுக்கும் கிராபிக்ஸ் கார்டு நிறம் கணக்கிட வேண்டும். அதற்காக ஃபுல் எச்.டி.யிலிருந்து 4கேக்குப் போனால் நொடிக்கு வரும் பிரேம் எண்ணிக்கை அப்படியே கால்வாசியாகிவிடும் என்றும் இல்லை, ப்ராசசர் செய்யும் வேலைக்கும் பிக்சல் எண்ணிக்கைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஆனாலும் நன்றாகவே இறங்கும். கியூ.எச்.டி.யில் செட்டிங்ஸை எல்லாம் ஏற்றி வைத்து சுகமாக ஓடிய கேமுக்கு 4கேயில் அப்ஸ்கேலிங் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் வசதி) போட வேண்டியிருந்தது. என்விடியா கார்டுகளின் அப்ஸ்கேலிங் வசதியான டி.எல்.எஸ்.எஸ்.ஸில் குவாலிட்டி மோடு வைத்தால் கார்டு உள்ளே வரைவது 2560×1440தான், மீதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது.

கேபிள் விஷயத்திலும் இதே பெருக்கல்தான். எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற பழைய வகை போர்ட் மட்டும் உள்ள லேப்டாப்பை 4கே மானிட்டரில் சொருகியபோது 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 படத்துக்கு மேல் போகவில்லை, மவுஸை நகர்த்தினால் பாயிண்டர் விட்டு விட்டு வந்தது. கியூ.எச்.டி.யில் அதே போர்ட் 60 ஹெர்ட்ஸ் தாராளமாகக் கொடுத்தது. 4கேயை 30ஆல் பெருக்குங்கள், நொடிக்குச் சுமார் 25 கோடி பிக்சல், கியூ.எச்.டி.யை 60ஆல் பெருக்கினால் 22 கோடி. போர்ட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சுமைதான்!

ஆனால் எழுத்தின் தெளிவுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது, அந்தப் பிக்சலெல்லாம் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் 24 அங்குல ஃபுல் எச்.டி.யில் அங்குலத்துக்கு 92 பிக்சல், 27 அங்குல கியூ.எச்.டி.யில் 109, 4கேயில் 163. ஃபுல் எச்.டி.யையே 27 அங்குலத்தில் வாங்கினால் 82க்கு இறங்கிவிடும், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தமிழ் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சின்ன எழுத்தில் மூன்று சுழி ணவும் இரண்டு சுழி னவும் ஃபுல் எச்.டி.யில் ஒரே திட்டாக அப்பிக்கொண்டு தெரியும், கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். 4கேயில் ஒவ்வொரு சுழியும் தனித்தனியாக நிற்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாள் முழுக்க எழுத்தோடு உட்காருகிறவர்கள் 4கே வாங்கலாம் என்பேன்.

அப்புறம், 4கே வாங்கினால் திரையில் நாலு மடங்கு இடம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 27 அங்குலத்தில் 100 சதவீத ஸ்கேலிங்கில் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்காமல் வைத்தால்) எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். நான் 150 சதவீதத்தில் வைத்திருக்கிறேன், அப்போது கிடைக்கும் இடம் கியூ.எச்.டி. அளவுதான், கூடுதல் பிக்சலெல்லாம் தெளிவுக்குப் போய்விடுகிறது. இடம்தான் வேண்டும் என்றால் 3440×1440 அல்ட்ராவைடை, அதாவது கூடுதல் அகலமான மானிட்டரைப் பாருங்கள். 49,53,600 பிக்சல்தான், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விண்டோ வசதியாக நிற்கும், கார்டுக்கும் 4கே அளவு பாரம் இல்லை.

இப்போது எழுத்து வேலைக்கு 4கே, கேமுக்கு கியூ.எச்.டி. என்று இரண்டும் மேஜையில் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும், கார்டும் நடுத்தரமானது என்றால் கியூ.எச்.டி.யை எடுங்கள்.