முழங்கால் நோவுக்கு எந்தக் குளிசை?

வெள்ளவத்தைப் பார்மசி ஒன்றில் போன கிழமை ஒரு மாமி, வெறுமையான டைக்ளோபெனாக் என்ற நோக்குளிசை அட்டையை நீட்டி, "தம்பி, இதைவிட ஸ்ட்ரோங்கா ஒண்டு தாங்கோ" என்றா. பிரஷர் குளிசையும் அதே பையில் இருந்தது. எனக்குப் பகீரென்றது.

அடிபட்ட இடத்தில் கொக்ஸ் என்ற நொதியம் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. வீக்கமும் நோவும் அதனால்தான். டைக்ளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் அந்த நொதியத்தைத் தடுக்கின்றன. அஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டிய ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், கொக்ஸில் இரண்டு வகை உண்டு; கொக்ஸ்-1 உண்டாக்கும் அதே பொருள்தான் இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. வீக்கத்தில் கொக்ஸ்-2க்கே பெரிய பங்கு.

இபுபுரோபன் இரண்டையும் தடுக்கும். சில மணித்தியாலங்களில் வேகம் குறைந்துவிடும். கால் சுளுக்கிய இளம் ஆளுக்கு, சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு இதுவே போதும். ஆனால் இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இது அந்த அஸ்பிரினின் வேலையைக் கெடுக்கலாம். நப்ரொக்சின் நீண்ட நேரம் நிற்கும், நாளுக்கு இரண்டு வேளை போதும். இதயத்துக்கு ஆபத்து மற்றவற்றைவிடக் குறைவு, வயிற்றுக்குத்தான் கூட.

செலிகொக்சிப் முக்கியமாகக் கொக்ஸ்-2ஐக் குறிவைப்பதால் வயிற்றுக்கு ஆபத்து குறைவு. அப்போ இதுதான் சிறந்ததா? இல்லை. இதே குடும்பத்து ரொபிகொக்சிப், மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2004இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. எங்கள் ஊரில் கைக்கு வரும் டைக்ளோபெனாக்கும் கொக்ஸ்-2 பக்கம் சாய்ந்ததுதான். இதய ஆபத்தில் இந்தக் கொக்சிப் குடும்பத்துக்குச் சளைத்ததில்லை. பிரஷர்காரருக்கு நான் கடைசியில்தான் வைப்பேன். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இபுபுரோபன், நப்ரொக்சின், செலிகொக்சிப், டைக்ளோபெனாக் நாலுமே ஆபத்துத்தான்.

முழங்காலுக்கு மட்டும் என்றால் டைக்ளோபெனாக் ஜெல் நல்ல வழி. பூசிய இடத்தில் வேலை செய்யும், இரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். மாமியிடம் அதைத்தான் சொன்னேன், டொக்டரிடம் பிரஷரையும் காட்டச் சொல்லி.

அப்புறம் ஒன்று. கொழும்பில் மழைக்குப் பிறகு காய்ச்சலோடு உடம்பு உளைந்தால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை இவற்றில் எதையும் தொடாதீர்கள். இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறையும் நேரத்தில் இவை இரத்தக்கசிவைக் கூட்டும். அதுவரை பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் அளவோடு.