போரரின் வேர்ச்சொல் அகராதி: யாருக்குப் பயன்படும்?

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஜே. போரர் தொகுத்து 1960-இல் வெளிவந்த ‘டிக்‌ஷனரி ஆஃப் வேர்ட் ரூட்ஸ் அண்ட் கம்பைனிங் ஃபார்ம்ஸ்’ 134 பக்கங்களே கொண்ட சிறிய அகராதி. அறிவியல், மருத்துவக் கலைச்சொற்களில் பொதிந்திருக்கும் இலத்தீன், கிரேக்க வேர்களை அகர வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் மூலமொழி இன்னது, பொருள் இன்னது என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேருக்குப் போய்விடுகிறது. தொடக்கநிலை மாணவர், மருத்துவ மாணவர், உயிரினங்களுக்குப் பெயரிடும் வகைப்பாட்டியலாளர் ஆகிய மூவரையும் மனத்தில் கொண்டு தொகுக்கப்பட்டிருந்தாலும், மூன்றாமவருக்கே இது முழுமையாகப் பயன்படும் என்பது என் மதிப்பீடு.

இதன் பெரிய பலம், ஒரே எழுத்துக்கூட்டலில் வரும் வெவ்வேறு வேர்களை ஓரிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான். ‘மெல்’ என்னும் வேரை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் அது தேன். சர்க்கரை நோயின் முழுப்பெயரான டயாபடீஸ் மெலிட்டஸில் இருப்பது அந்தத் தேன். கிரேக்கத்தில் அதே ஒலிக்கு உடலின் உறுப்பு என்றும் பாட்டு என்றும் பொருள் உண்டு. தாலிடோமைடு மாத்திரையால் கைகால் குறுகிப் பிறந்த குழந்தைகளின் நிலைக்கு ஃபோகோமீலியா என்று பெயர். கடல்நாயைக் குறிக்கும் சொல்லோடு உறுப்பைக் குறிக்கும் இந்த ‘மெல்’ சேர்ந்து உருவான பெயர் அது. மெலடியில் இருப்பதோ பாட்டு. இந்த விவரம் கையில் இல்லாத மாணவர், தேன் என்ற பொருளை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்த்துக் குழம்புவார். அரைகுறையாக வேர் கற்பதில் உள்ள ஆபத்து இதுவே. போரரின் அடக்கமான ஒரு வரி அதைத் தடுத்துவிடுகிறது.

வாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் எலும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் உரோமன் எழுத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. உண்மையில் வாய் ‘ஓஸ்’, எலும்பு ‘ஒஸ்’. குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலேயே காட்டிப் பழகிய நமக்கு இதை நினைவில் வைப்பது எளிது. கிரேக்க அரிச்சுவடியிலும் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆனால் இந்த அகராதி கிரேக்க வேர்களை உரோமன் எழுத்தில் மட்டுமே தருவதால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தமிழ் வாசகர் தம் கையால் ஓரத்தில் குறித்துக்கொண்டால் நல்லது.

மருத்துவ மாணவருக்கு இந்நூல் போதாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத்துக்கு இலத்தீனில் ‘ரேன்’, கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’. நுரையீரலுக்கு இலத்தீனில் ‘புல்மோ’, கிரேக்கத்தில் ‘நியூமோன்’. உடற்கூறுப் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன் பக்கமும், நோய்ப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கப் பக்கமும் சாய்கின்றன என்பதை அறிந்துவிட்டால், சிறுநீரகத் தமனியான ரீனல் ஆர்ட்டரியும் சிறுநீரக அழற்சியான நெஃப்ரைட்டிஸும் ஒரே உறுப்பைச் சுற்றியவை என்பது உடனே விளங்கும். போரரிடம் இந்த இரட்டைகள் எழுத்து வரிசையால் பிரிந்து, வெவ்வேறு பக்கங்களில் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

வரலாற்றையும் இங்கே எதிர்பார்க்க முடியாது. எலும்பு, மூட்டு மருத்துவத் துறையான ஆர்த்தோபீடிக்ஸின் பெயரில் ‘குழந்தை’ என்னும் வேர் இருப்பதை அகராதியிலிருந்து பிரித்தறியலாம். ஆனால் இடுப்பெலும்பு முறிந்த முதியவரை அனுப்பும் துறைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அது சொல்லாது. குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்தும் கலைக்காக நிக்கோலா ஆந்த்ரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1741-இல் உருவாக்கிய சொல் அது. நெஃப்ரைட்டிஸ் போன்ற நோய்ப் பெயர்களின் இறுதியில் வரும் ‘ஐட்டிஸ்’ என்பது முதலில் ‘சார்ந்த’ என்ற அளவில் மட்டுமே பொருள்பட்டு, மூட்டு சார்ந்த நோய் என்பது போன்ற தொடர்களில் நோயைக் குறிக்கும் சொல் உதிர்ந்துபோனபின் நோயின் அடையாளமாகவே நின்றுவிட்டது என்பதும் ஒரு வரிப் பொருளில் அடங்காது. வேரின் பொருளை இன்றைய பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஆர்ட்டரியே சான்று: மூச்சுக்குழாயையும் குறித்த கிரேக்கச் சொல் அது, தமனிகளில் காற்று ஓடுவதாகப் பழைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

வகைப்பாட்டியலாளருக்கு நிலைமை வேறு. விலங்கியல், தாவரவியல் பெயர்களில் வரும் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கும் வேர்கள் தாராளமாக உள்ளன. புதிய பெயர் அமைப்பது பற்றிய குறிப்பும் நூலில் உண்டு. தொகுத்தவர் பூச்சியியலாளர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அது குறையாகத் தோன்றவில்லை.

உயிரியல் படிப்போர் தயங்காமல் வாங்கலாம், பழைய பிரதியே போதும். மருத்துவ முதலாண்டு மாணவர், எடுத்துக்காட்டுச் சொற்களோடு பாடம் பாடமாகக் கற்பிக்கும் ஒரு மருத்துவச் சொல்லியல் நூலை முதலில் வாங்கிவிட்டு, அதில் கிடைக்காத வேரைத் தேடுவதற்கு இதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.